ஏணி ஏறாமல் ஒரு கூரையை அளப்பது

1858ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரின் பெரிய தேவாலயத்தை அளந்து வரைபடம் போடும் வேலையில் இருந்தார் ஆல்பிரெக்ட் மேடன்பாவர். வயது 24. சாரம் கட்டினால் செலவு அதிகம். அதனால் கயிற்றில் தொங்கும் ஒரு கூடையில் உட்கார்ந்து சுவரோரமாக மேலே ஏறி, கையாலேயே அளந்துகொண்டிருந்தார். ஒரு நாள், உயரத்தில் இருந்த ஜன்னல் திறப்புக்குள் கூடையிலிருந்து கால் வைக்கப் போன நேரத்தில் கூடை சுவரைவிட்டு விலகிவிட்டது. கைக்கு அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு, கூடையைக் காலால் உதைத்துத் தள்ளி, அந்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தார். மயிரிழையில் உயிர் தப்பியது.

அந்த விபத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கட்டடத்தை நேரில் தொட்டு அளப்பதற்குப் பதிலாக, அதைப் புகைப்படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்தே அளந்தால் என்ன? 1867இல் அந்த முறைக்கு 'போட்டோகிராமெட்ரி' என்ற பெயர் அச்சில் வந்தது. ஒளிப்பட அளவையியல் என்று தமிழில் சொல்லலாம். 1885இல் பெர்லினில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கியது. அங்கே சேர்ந்த ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளில் சில, இரண்டாம் உலகப் போரில் இடிந்த கட்டடங்களை மறுபடி எழுப்பப் பயன்பட்டன.

மேடன்பாவர் விழப் பார்த்த அதே 1858இல், பாரிஸ் அருகே ஒரு பலூன் மேலே போனது. அதில் இருந்தவர் நாடார் என்ற புனைபெயரில் அறியப்பட்ட புகைப்படக் கலைஞர். பலூனிலிருந்து கசிந்த வாயு அவருடைய ரசாயனத் தகடுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வாயுத் திறப்பை மூடிவைத்துவிட்டு எடுத்த படம் மங்கலாகவேனும் விழுந்தது. வானிலிருந்து எடுத்த முதல் புகைப்படம் அதுதான் என்கிறார்கள்; அது இன்று இல்லை. இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பாஸ்டன் நகரத்துக்கு மேலே பலூனிலிருந்து எடுத்த படம். அதில் பார்த்தால் தெருவைவிட, ஆட்களைவிட, முதலில் கண்ணில் படுவது கூரைகள்தான். வரிசை வரிசையாகக் கூரைகள்.

ஒருவர் படத்திலிருந்து அளக்கக் கற்றார். இன்னொருவர் வானத்திலிருந்து படம் எடுக்கக் கற்றார். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டுக் கூரையை ஏணியில்லாமல் அளக்கும் அன்றாடச் சேவையாக மாற ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன. அது அமெரிக்காவில் நடந்தது. ஏன் அங்கே என்பதிலிருந்து தொடங்குவோம்.

கூரையே கணக்காகும் நாடு

நம் ஊர் மொட்டை மாடியை அளக்க ஒரு டேப் போதும். நீளம், அகலம், பெருக்கல், முடிந்தது. அமெரிக்காவில் தனி வீடுகளில் பெரும்பாலானவை சரிவுக் கூரை கொண்டவை. நம் ஊரில் ஓடு இருக்கும் இடத்தில் அங்கே ஆஸ்பால்ட் ஷிங்கிள், அதாவது தார் பூசிய, மேலே மணல்போன்ற பொடிக்கல் ஒட்டிய தகடுகள். அவற்றைக் கீழிருந்து மேலாக, மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஆணியடித்துப் பொருத்துவார்கள். ஆலங்கட்டி மழை அடித்தால் பொடிக்கல் உதிரும். புயல் அடித்தால் தகடே பறந்துவிடும். டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் ஒரு மாலை நேரத்து ஆலங்கட்டி மழையில் ஆயிரக்கணக்கான கூரைகள் ஒரே நாளில் பழுதாகும். அத்தனை வீட்டுக்காரர்களும் காப்பீட்டு நிறுவனத்துக்கு போன் செய்வார்கள். அத்தனை கூரைகளையும் யாராவது அளந்தாக வேண்டும்.

அளப்பது என்றால் ஏணி வைத்து மேலே ஏறி, சரிவில் நின்று டேப் பிடிப்பது. கட்டுமானத் தொழிலில் ஆட்கள் சாவதற்கு முதல் காரணம் அமெரிக்காவில் உயரத்திலிருந்து விழுவதுதான். 6 அடிக்கு மேல் வேலை செய்தால் கட்டுமானத் தொழிலாளிக்கு விழாமல் தடுக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. விலை மட்டும் சொல்வதற்காக ஒருவர் ஈரமான சரிவில் ஏறுகிறார். வேலை கிடைக்காமலும் போகலாம். வெட்ஸ்லார் கூடையில் மேடன்பாவர் எடுத்த அதே ஆபத்தை, ஒவ்வொரு விலைப்புள்ளிக்கும் யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

கட்டைவிரலும் இரண்டு கண்ணும்

இப்போது அறிவியலுக்கு வருவோம். நேர் மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தில் கூரை எப்படித் தெரியும்? தட்டையாகத் தெரியும். செங்குத்தான கூரையும் படுத்த கூரையும் ஒரே நீளம், ஒரே அகலமாகத்தான் விழும். கூரையின் உண்மையான பரப்பு அதன் சரிவில் ஒளிந்திருக்கிறது. ஒற்றைப் படம் அந்தச் சரிவை அழித்துவிடுகிறது. அழிந்ததைத் திரும்ப எடுப்பது எப்படி?

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். பின்னால் ஒரு ஜன்னல் கம்பி தெரியட்டும். இடக்கண்ணை மூடுங்கள், திறந்து வலக்கண்ணை மூடுங்கள். விரல் கம்பிக்கு முன்னால் இடமும் வலமும் தாவும். இப்போது விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து மறுபடி செய்யுங்கள். தாவல் பெரிதாகும். அருகில் இருப்பது அதிகம் தாவும், தொலைவில் இருப்பது குறைவாகத் தாவும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். தாவலின் அளவைத் தெரிந்துகொண்டால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். நம் மூளை இதை ஒவ்வொரு நொடியும் செய்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு தட்டைப் படங்களை இரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டும் ஒரு கருவியைச் செய்து, ஆழம் என்ற உணர்வு பிறப்பது இந்த வேறுபாட்டிலிருந்துதான் என்று நிரூபித்தார்.

விமானம் ஒரு பெரிய முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு கண் இங்கே இருக்கிறது, மற்றொரு கண் சில நொடிகள் கழித்து, சில நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு படம் எடுத்தபின் அடுத்த படம் எடுக்கும்போது, முதல் படத்தில் இருந்த நிலத்தில் பாதிக்கு மேல் இரண்டாவதிலும் விழும்படி பறப்பார்கள். 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிவது பழைய வழக்கம். இன்று இன்னும் அதிகமாகவே எடுக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு கூரையும் குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து பார்க்கப்பட்டுவிடுகிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். விமானம் 1000 மீட்டர் உயரத்தில் பறக்கிறது. இரண்டு படங்களுக்கு இடையே 400 மீட்டர். ஒரு வீட்டின் முகடு தரையிலிருந்து 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்போது இரண்டு படங்களுக்கும் நடுவே, தரையை ஒப்பிட்டால், முகடு சுமார் 3.2 மீட்டர் தாவியதுபோலத் தெரியும். படத்தின் ஒரு புள்ளி தரையில் 7 சென்டிமீட்டர் என்றால், அந்தத் தாவல் 46 புள்ளிகள். கணினியால் எண்ண முடிகிற, கண்ணால் பார்க்க முடிகிற பெரிய தாவல் இது. திருப்பிச் சொன்னால், 46 புள்ளி தாவியதைப் பார்த்த கணினி 'இது 8 மீட்டர் உயரம்' என்று சொல்லிவிடும். ஒரு புள்ளி தவறாக எண்ணினால் உயரத்தில் சுமார் 17 சென்டிமீட்டர் பிசகும். இந்தப் பிசகை நினைவில் வையுங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

பரங்கிமலை முக்கோணம்

இதன் அடியில் இருக்கும் கணிதம் தமிழ் மண்ணுக்குப் பழகியது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஓர் இடத்தைப் பார்த்துக் கோணத்தை எடுத்தால் போதும். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்த முக்கோணத்தில் மற்றவை எல்லாம் தானே வந்துவிடும். அந்த முக்கோணங்களை ஒன்றோடொன்று தொடுத்துத்தான் இந்தியாவையே அளந்தார்கள். தென்னைமரங்களுக்கு மேலே பார்வை போக வேண்டும் என்பதற்காக, 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே சரிசெய்தார்.

கூரையை அளக்கும் விமானமும் இதே முக்கோணத்தைத்தான் போடுகிறது. பரங்கிமலைக் கோடு இருந்த இடத்தில், விமானம் இரண்டு படங்களுக்கு இடையே கடந்த தொலைவு இருக்கிறது. கோணமானி இருந்த இடத்தில் கேமரா இருக்கிறது. அந்தத் தொலைவும் கேமராவின் சாய்வும் துல்லியமாகத் தெரியாவிட்டால் எல்லாம் பிசகும். அதற்காகத்தான் விமானத்தில் ஜிபிஎஸ் கருவியும், ஒவ்வொரு அசைவையும் திருப்பத்தையும் நொடிக்குப் பல நூறு முறை பதிவு செய்யும் உணர்கருவியும் கேமராவோடு சேர்த்துப் பொருத்துகிறார்கள். படம் மட்டும் கையில் இருந்தால் அது காட்சி. எங்கிருந்து, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்ற தகவலும் சேர்ந்தால்தான் அது அளவு.

சாய்ந்து நிற்கும் வீடுகள்

இங்கே ஒரு பொதுவான தவறைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வான்படத்தைத் திறந்து, சுட்டியால் கோடு இழுத்து, 'என் வீட்டுக் கூரை இத்தனை சதுர அடி' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். படத்தின் நடுவில் இருக்கும் வீடு நேராகத் தெரியும். ஓரத்தில் இருக்கும் வீடு வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். அதன் ஒரு பக்கச் சுவர்கூடக் கண்ணில் படும். நம் உதாரணத்தில் அந்த 8 மீட்டர் முகடு, விமானத்துக்கு நேர்கீழே இருந்து 500 மீட்டர் தள்ளி இருந்தால், அது இருக்க வேண்டிய இடத்தைவிட்டுச் சுமார் 4 மீட்டர் நகர்ந்து விழும். ஆனால் எரவாணம் தரைக்கு அருகில் இருப்பதால் அவ்வளவு நகராது. விளைவு, முகட்டுக்கு ஒரு பக்கச் சரிவு நீண்டும் மறுபக்கச் சரிவு குறுகியும் தெரியும்.

பெரும்பாலான வரைபடப் படங்கள் தரையின் மேடு பள்ளங்களுக்குத் திருத்தம் செய்யப்பட்டவை. வீடுகளின் உயரத்துக்குத் திருத்தம் செய்யப்படாதவை. சொத்து எல்லையைப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக் கூரை நம் நிலத்துக்குள் நுழைந்திருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். வீடு நுழையவில்லை, படம் சாய்ந்திருக்கிறது. எல்லைத் தகராறுக்கு இப்படிப்பட்ட படத்தைச் சாட்சியாகக் கொண்டுபோகும் யாரும் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

செயற்கைக்கோள் படம் போதாதா என்றும் கேட்பார்கள். 2014இல் ஏவிய வேர்ல்ட்வியூ-3 சுமார் 617 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதன் மிகத் தெளிவான படத்தில் ஒரு புள்ளி 31 சென்டிமீட்டர். ஒரு ஷிங்கிள் தகட்டின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். தாழப் பறக்கும் விமானம் ஒரு புள்ளியை 7 சென்டிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. கூரை வேலைக்கு இன்றும் விமானம் பறப்பது இதற்காகத்தான்.

ஒரு கூரை, ஒரு கணக்கு

அமெரிக்கக் கூரைக்காரர்கள் 100 சதுர அடியை ஒரு 'ஸ்கொயர்' என்கிறார்கள். நம் ஊர்க் கட்டடக்காரர்கள் 'ஒரு சதுரம்' என்று சொல்வதும் அதே 100 சதுர அடிதான். சரிவை அவர்கள் டிகிரியில் சொல்வதில்லை. கிடையாக 12 அங்குலம் போனால் எத்தனை அங்குலம் உயர்கிறது என்று சொல்வார்கள்: 12க்கு 4, 12க்கு 6, 12க்கு 12.

40 அடி நீளம், 30 அடி அகலம் உள்ள ஒரு கூரையை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் 1200 சதுர அடி, நம் கணக்கில் அரை கிரவுண்டு. சரிவு 12க்கு 6 என்றால் பித்தாகரஸ் தேற்றப்படி அதை 1.118ஆல் பெருக்க வேண்டும். 1342 சதுர அடி வரும். 12க்கு 12 என்றால் 1.414ஆல் பெருக்க வேண்டும்; 1697 சதுர அடி. ஷிங்கிள் வழக்கமாக ஒரு சதுரத்துக்கு மூன்று கட்டு. ஆகவே தட்டையாக நினைத்து 36 கட்டு வாங்கியவருக்கு, 12க்கு 6 சரிவில் 41 கட்டு வேண்டும். 12க்கு 12 சரிவில் 51 கட்டு வேண்டும். சரிவைத் தெரியாமல் சொன்ன விலை யாரோ ஒருவருக்கு நஷ்டத்தில் முடியும்.

இதில் ஓர் அழகான உண்மை இருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே சரிவாக இருந்தால், கூரை இரண்டு பக்கம் சரிந்தாலும் நான்கு பக்கம் சரிந்தாலும், நடுவே எத்தனை மடிப்பு விழுந்தாலும், பரப்பு மாறுவதே இல்லை. மேலிருந்து தெரியும் பரப்பு, சரிவு, இந்த இரண்டும் போதும். மாறுவது கோடுகளின் நீளம். நம் உதாரணக் கூரை 12க்கு 6 சரிவில் இரண்டு பக்கம் மட்டும் சரிந்தால், முகடு 40 அடி. நான்கு பக்கமும் சரிந்தால், முகடு 10 அடியாகச் சுருங்கிவிடும். ஆனால் நான்கு மூலைகளிலிருந்தும் முகட்டை நோக்கி ஏறும் கோடுகள் ஒவ்வொன்றும் 22.5 அடி. மொத்தம் 100 அடி. இந்தக் கோடுகள் எல்லாவற்றின்மேலும் மூடுதகடு போட வேண்டும். பரப்பு ஒன்றே, மூடுதகடு இரண்டரை மடங்கு. மூலைகளில் சாய்வாக வெட்டுவதால் சேதாரமும் கூடும். அதனால்தான் ஒரு நல்ல கூரை அறிக்கை மொத்தப் பரப்பை மட்டும் கொடுத்து நிற்காது. முகட்டின் நீளம், எரவாணத்தின் நீளம், இரண்டு சரிவுகள் உள்பக்கமாகச் சேர்ந்து மழைநீர் ஓடும் மடிப்பின் நீளம், ஒவ்வொரு முகத்தின் சரிவு என்று தனித்தனியே எழுதும்.

இப்போது அந்த 17 சென்டிமீட்டர் பிசகுக்குத் திரும்புவோம். எரவாணத்திலிருந்து முகடு வரை கிடையாக 4 மீட்டர், உயரம் 2 மீட்டர் உள்ள ஒரு சரிவு. உயரத்தை 17 சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்துவிட்டால் பரப்பில் வரும் பிழை சுமார் 1.8 விழுக்காடு. சேதாரத்துக்கென்று கூரைக்காரர் சேர்த்துக்கொள்ளும் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது. வேலைக்கு எவ்வளவு துல்லியம் தேவையோ அவ்வளவு துல்லியம் கிடைத்துவிட்டது என்பதுதான் இந்தச் சேவை வெற்றி பெற்ற ரகசியம்.

திரைக்கு முன்னால் ஒருவர்

2008இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிறிஸ் பெர்ஷிங், டேவ் கார்ல்சன் இருவரும் ஈகிள்வியூ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வான்படங்களிலிருந்து கூரையை அளக்கும் முறைக்கு அதே ஆண்டு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதில் சொல்லியிருக்கும் வேலை முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படி இருக்கும். திரையில் ஒரே வீட்டின் இரண்டு படங்கள். ஒன்று நேர் மேலிருந்து, மற்றொன்று சாய்வாக. வேலை செய்பவர் முதல் படத்தில் கூரையின் ஒரு மூலையைத் தொடுகிறார். அதே மூலையை இரண்டாம் படத்திலும் தொடுகிறார். இரண்டு பார்வைக் கோடுகள் சந்திக்கும் இடம் முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியாக நிலைத்துவிடுகிறது. அடுத்த மூலை, பிறகு முகடு. புள்ளிகளைக் கோடுகள் இணைக்க, கூரையின் ஒவ்வொரு முகமும் ஒரு காகித மடிப்புபோல எழுந்து நிற்கிறது. இன்று இந்தத் தொடுகைகளில் பெரும்பகுதியைக் கணினியே கற்றுக்கொண்டு செய்கிறது, அடிப்படை மாறவில்லை.

சாய்வுப் படங்களை நாடெங்கும் சேர்த்து வைத்திருந்தது நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த பிக்டோமெட்ரி. நான்கு திசைகளிலிருந்தும் சாய்வாக எடுத்த படங்களை உள்ளாட்சி, வரி அலுவலகங்களுக்கு அது கொடுத்துவந்தது. 2013இல் இரண்டு நிறுவனங்களும் இணைந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நியர்மேப், நகரங்களின்மேல் ஆண்டுக்குப் பலமுறை பறந்து படங்களைப் புதுப்பித்துக் கொடுத்தது. 2014இல் வெரிஸ்க் என்ற நிறுவனம் ஈகிள்வியூவை 65 கோடி டாலருக்கு வாங்க முயன்றபோது, போட்டியே இல்லாமல் போய்விடும் என்று அமெரிக்க வணிக ஆணையம் தடுத்தது. கூரை அளப்பது ஒரு தனிச் சந்தை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட தருணம் அது. 2019இல் இதே காப்புரிமைகளைப் பற்றிய வழக்கில் நியூஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்து ஜூரி ஈகிள்வியூவுக்கு 12.5 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஏணியை ஓரமாக வைத்ததன் விலை அவ்வளவு.

வானத்துக்குத் தெரியாதவை

இந்தச் சேவையை மெச்சுகிற அளவுக்கு அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். மரக்கிளை மூடிய கூரையைப் படம் பார்க்காது. அதனால் இலை உதிர்ந்து, தளிர் விடுவதற்கு முன்னால் பறப்பதை அளவையாளர்கள் விரும்புவார்கள். நிழல் விழுந்த முகத்தில் கோடு மங்கிவிடும். பழைய ஷிங்கிளைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதியதை அடித்திருந்தால், அந்த இரண்டாம் அடுக்கு மேலிருந்து தெரியாது. அடியில் மரப்பலகை உளுத்திருந்தால் அதுவும் தெரியாது. ஆலங்கட்டி அடித்த இடத்தில் தகடு உள்ளே நைந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பரப்பை அளக்க வானம் போதும். நலத்தை அறிய ஒரு மனிதர் இன்னும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தேதி. படம் எடுத்த நாளுக்குப் பிறகு வீட்டுக்காரர் ஓர் அறை சேர்த்துக் கட்டியிருக்கலாம், அல்லது கூரையையே மாற்றியிருக்கலாம். படத்தில் இருப்பது அந்த நாளின் வீடு.

மேலிருந்து பார்ப்பவர் யார்?

அளக்கக் கூடிய படம் வேறு காரியங்களுக்கும் உதவும். பிரான்சில் வான்படங்களைக் கணினிக்குக் கொடுத்து, வரிக் கணக்கில் காட்டாத 20,000க்கும் மேற்பட்ட நீச்சல் குளங்களைக் கண்டுபிடித்ததாக 2022இல் வரித்துறை அறிவித்தது. சுமார் ஒரு கோடி யூரோ வரி கூடுதலாக வந்தது. அதே முறை சூரிய ஒளித் தகடுகளைக் குளம் என்று எடுத்துக்கொண்ட தவறுகளும் செய்தியாயின. இந்தியாவில் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம், கிராமக் குடியிருப்புகளை டிரோன் கொண்டு படம் எடுத்து, ஆவணமே இல்லாத வீடுகளுக்குச் சொத்து அட்டை கொடுக்கிறது. மேலிருந்து விழும் அதே பார்வை ஓரிடத்தில் வரி கேட்கிறது, இன்னோரிடத்தில் உரிமை கொடுக்கிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு சிராவோலோ வழக்கு வந்தது. கலிபோர்னியாவில் உயரமான வேலி போட்டு மறைத்த ஒரு கொல்லைப்புறத்தைப் போலீசார் 1000 அடி உயரத்தில் விமானத்தில் பறந்து பார்த்திருந்தார்கள். பொது வான்வழியில் பறக்கும் யாரும் பார்க்கக் கூடியதைப் பார்க்க வாரண்டு தேவையில்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகள் எதிர்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் போலீசார் ஒரு முறை பறந்தார்கள். இன்றைய கேமரா ஆண்டுக்குப் பலமுறை பறந்து, ஒவ்வொரு கொல்லையையும் சேமித்து வைக்கிறது.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் வான்படத்தைப் பார்த்து, 'உங்கள் கூரை பழையது' என்று சொல்லிப் பாலிசியைப் புதுப்பிக்க மறுக்கத் தொடங்கியிருக்கின்றன. நிழலையும் கறையையும் சேதமாக எடுத்துக்கொண்டார்கள், பழைய படத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று வீட்டுக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். பல நேரம் அந்தப் படத்தை அவர்களிடம் காட்டுவதுகூட இல்லை. அளவையியலில் ஊறிய எவராலும் இதை ஏற்க முடியாது. லாம்டன் தன் கோணங்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தார். சந்தேகப்பட்டவர் மறுபடி அளந்து பார்க்கலாம். மறுபடி சரிபார்க்க முடியாத எண் எவ்வளவு தசமப் புள்ளியோடு வந்தாலும் அது அளவு ஆகாது.

உங்களிடம் யாராவது வானத்திலிருந்து எடுத்த எண் ஒன்றைக் கொடுத்தால், அது கூரையின் பரப்பானாலும் சொத்துவரிக் கணக்கானாலும், மூன்று கேள்வி கேளுங்கள். படம் எந்தத் தேதியில் எடுத்தது? எத்தனை கோணங்களிலிருந்து பார்த்தது? சரிவை எப்படிக் கணக்கிட்டது? பிறகு நீங்களே சரிபாருங்கள். கைக்கு எட்டும் கூரை விளிம்பின் அடியில், ஒரு ரசமட்டத்தைக் கிடையாகப் பிடித்து, 12 அங்குலத் தொலைவில் எத்தனை அங்குலம் உயர்கிறது என்று டேப்பால் பாருங்கள். சுவரோரமாக நடந்து நீளத்தையும் அகலத்தையும் எடுங்கள். எரவாணம் வெளியே நீட்டும் அளவை மறக்காமல் கூட்டுங்கள். ஏணியே ஏற வேண்டாம். உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒத்துப்போனால் நம்பிக் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கூரையின் படத்தைப் பார்க்கும் உரிமை, அதன் கீழே குடியிருக்கும் உங்களுக்குத்தான் முதலில்.